கிராணியின் இழுப்பறை

புதன்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு, ஜூரோங்கிலிருந்து வரும் ரயிலில் நின்றபடியே, நிரஞ்சனா அந்த மின்னஞ்சலுக்கு 'நோட்டட் வித் தேங்க்ஸ்' என்று பதில் அனுப்பினாள். கடைசிவரை வாசித்தது அதற்குப் பிறகுதான்.

கை செய்த வேலை அது. சரக்கு நிறுவனம் ஒன்றின் மனிதவளப் பிரிவில் இருப்பவள். கூட்டம் தள்ளிப்போனாலும் 'நோட்டட்', ஒருவருக்கு வேலை போனாலும் 'நோட்டட்'. முதல் எழுத்தைத் தொட்டால் போதும், மீதியைக் கைப்பேசியே எழுதிக் கொடுத்துவிடும்.

அனுப்பியவள் ரக்ஷனா. மரபு நடைக்கு இடமும் அனுமதியும் வாங்கித் தரும் சமூக அமைப்பில் நிகழ்ச்சி அதிகாரி. கடிதம் வணக்கம் அக்கா என்று தொடங்கியது. சனிக்கிழமை வெயில் கடுமையாக இருக்கும், குடிநீர் தயார், தொண்டூழியர்களுக்குத் தொப்பி உண்டு என்று போய், நடுவில் ஒரு பத்தி. ஏற்பாட்டுக் குழு மீண்டும் கலந்து பேசியதாம். ஐந்தாம் நிலையின் நாடகக் காட்சி சரிபார்க்கப்பட்ட வரலாறாக இல்லையாம். ஆகவே அது இடம்பெறாது. அந்த இடத்தில் முத்திரை மேசையும் அன்பளிப்புப் பையும் இருக்கும். கேள்வி ஏதும் இருந்தால் தயங்காமல் கேட்கவும்.

கேள்வி இல்லை என்று அவள் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

அடுத்த நிலையத்தில் இறங்கி மேடையில் நின்று ரக்ஷனாவை அழைத்தாள். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது. மீட்டிங்கில் இருக்கிறேன் அக்கா, வெள்ளிக்கிழமை ஏற்பாட்டுக் குழுவிலிருந்து அம்பலவாணர் சார் தேக்காவுக்கு வருகிறார், அவரிடமே பேசிவிடுங்கள். கூடவே கைகூப்பும் படம் ஒன்று.

அதற்கும் பதில் அனுப்பப் போய், விரலை நிறுத்திக்கொண்டாள்.

நடை என்பது இதுதான். ஏப்ரல், தமிழ்மொழி மாதம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சனிக்கிழமை காலை தேக்கா சந்தையின் பின்புறம் கூடுவார்கள். அங்கிருந்து பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, செராங்கூன் சாலையைக் கடந்து கேம்பல் லேன். வழியில் ஐந்து இடங்களில் ஐந்து சிறு காட்சிகள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்களின் கதை. அந்த முறையை ஒழித்த கதை.

இரண்டாவதற்காகத்தான் நிரஞ்சனா இதைத் தொடங்கினாள். கப்பலில் வந்ததை எல்லாரும் சொல்கிறார்கள். காடு வெட்டியதையும் பால் மரம் சீவியதையும் சொல்கிறார்கள். அது எப்படி முடிந்தது என்று கேட்டால் வாய் அடைத்துவிடுகிறது. மழை விட்டதுபோல அதுவாகவே விட்டுப்போனது என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மனு எழுதியவர்கள் இருந்தார்கள். ஓடிப்போய், பிடிபட்டு, மறுபடி ஓடியவர்கள் இருந்தார்கள். துரைக்கு எதிரே நின்று சாட்சி சொன்ன பெண்கள் இருந்தார்கள். நாலு வருடமாக, வேலை முடிந்த மாலைகளில், இதைச் சொல்ல ஆள் சேர்த்து, உடை தைத்து, பள்ளிப் பள்ளியாக ஏறி இறங்கியிருக்கிறாள்.

ஐந்தாம் காட்சி லீலா கொடுத்தது.

லீலாவுக்கு அறுபத்தெட்டு வயது. செம்பவாங் வாசி. மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வருடம் நடையைச் சும்மா பார்க்க வந்தவர், முடிந்ததும் நிரஞ்சனாவைக் கூப்பிட்டு, எங்க அப்பாவோட அத்தை ஒன்னு சொல்லும், அதை இதுல சேர்ப்பியா என்று கேட்டார். அத்தையின் பெயர் அன்னக்கிளி. சட்டம் வந்தபோது செம்பவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னப் பெண். ஒப்பந்தம் இனிமேல் செல்லாது, யாரையும் கட்டி வைக்க முடியாது என்ற தாள் தோட்டத்து ஆபீசுக்கு வந்துவிட்டது. தோட்டத்துக் கணக்கர், கிராணி என்பார்கள், அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். யாரிடமும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் சனங்கள் விடியலில் பேர் கொடுத்து, பால் வெட்டி, திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சாவு வீட்டுக்கு வந்தவர்கள்தான், இன்னுமா இங்க இருக்கீங்க என்று கேட்டார்களாம். அன்னக்கிளியின் அம்மா நேரே ஆபீசுக்குப் போய் இழுப்பறையைத் திறந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தாளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். பதில் என்ன வந்தது என்று அத்தை சொன்னதில்லை.

காட்சியும் அவ்வளவுதான். குவீன்ஸ்டவுனில் நிரஞ்சனா குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே யாரோ பழைய மேசையை உடைத்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து ஓர் இழுப்பறையை மட்டும் எடுத்து வந்தாள். கிராணியாக நடிக்கும் சுலக்ஷன் கேம்பல் லேனின் பின்சந்தில் பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அந்த இழுப்பறையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான். மேசை கிடையாது. லீலா வருவார். மடியில் இருப்பதைத் தன் பக்கம் இழுத்துத் தாளை எடுப்பார். பிள்ளைகளில் ஒருவரிடம் நீட்டி, வாசிச்சுச் சொல்லு தம்பி என்பார். பையன் பள்ளித் தமிழில் தட்டுத் தடுமாறி வாசிப்பான். முடிந்ததும் லீலா கிராணியிடம் திரும்பி, "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்பார். கிராணி இழுப்பறையைப் பார்த்துக்கொண்டிருப்பான். முடிவு அதுதான். கைதட்ட யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அவர்கள் அப்படி நிற்பதற்காகத்தான் மற்ற நாலு காட்சிகளும்.

இந்த வருடம் அமைப்பு உள்ளே வந்தது. வந்ததும் திருத்தம் தொடங்கியது. முன்பெல்லாம் முதல் நிலையில் பிள்ளைகள் கையில் ஒரு தாளைக் கொடுத்து, கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தச் சொல்வார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பிள்ளையும் கேட்காது. நாலு வருடத்தில் ஒரே ஒரு பெண்தான் படித்துவிட்டு வைக்கிறேன் என்றாள். கைரேகை தனிநபர் தகவல், பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் வாங்க முடியாது என்று குழு எழுதியது. ரேகை போய், அட்டையில் சிரிக்கும் மயில் முத்திரை வந்தது. பிறகு எல்லா நிலைக்கும் ஒரு முத்திரை. புறப்பாடு, கடல், தோட்டம், சட்டம், வெற்றி. ஐந்தும் சேர்ந்தால் ஒரு பை.

பிறகு 'கூலி' என்ற சொல் வேண்டாம், 'முன்னோடித் தொழிலாளர்' என்று போடுங்கள் என்றார்கள். போட்டாள். சவுக்கு வேண்டாம் என்றார்கள். எடுத்தாள். கடைசியாக, கிராணி யாழ்ப்பாணத் தமிழ் பேச வேண்டாம் என்றார்கள். அந்தக் காலத்துக் கிராணிகள் பலரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்; அது தாத்தாவிடமிருந்து சுலக்ஷனுக்கு வந்த தமிழ். அவன் வாய் திறந்தாலே அந்த ஆபீஸ் கண்ணுக்குத் தெரியும்.

"அப்ப நான் எந்த ஊர்க் கிராணி?" என்று கேட்டான் சுலக்ஷன். "செவ்வாய்க் கிரகமா?"

இது ஒன்றை விட்டுக்கொடுத்தால் ஐந்தாம் காட்சி தப்பும் என்று நிரஞ்சனா சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நடிப்பவர்கள் நம்பினார்கள்.

அந்தப் புதன்கிழமை மாலையே கெர்பாவ் சாலைக் கடைவீட்டின் மாடியில் ஒத்திகை. படியேறும்போது, போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். மேலே லீலா தரையில் செய்தித்தாளை விரித்துக் கறிபஃப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டைரக்டர். கிராணியாருக்கு ரெண்டு கொடுத்துட்டேன். லஞ்சம்லா. சனிக்கிழமை பேப்பரை ஒளிக்காம குடுத்துடுவாரு."

"லீலாக்கா, நான் ஒளிக்கலைன்னா உங்களுக்கு வசனமே இல்ல," என்றான் சுலக்ஷன். வங்கியிலிருந்து நேரே வந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது.

லீலா வாயைத் துடைத்துக்கொண்டு நிரஞ்சனாவிடம், சனிக்கிழமை தன் அண்ணனும் வருவதாகச் சொன்னார். கோவிந்தராசு, கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது சக்கர நாற்காலி. மகன் லீவு போட்டுக் கூட்டி வருகிறானாம்.

"நாலு வருசமா கூப்பிடுறேன், வரமாட்டேன்னுட்டான். அத்தைக்கு மூளை கலங்கிப்போயி உளறுச்சு, அதைப் போயி ஊருக்குச் சொல்றியான்னு கேக்குறவன். இப்ப அவனே வர்றேங்கறான். எனக்கு அது போதும்."

நிரஞ்சனா கறிபஃபைக் கையில் வாங்கினாள். சூடு இருந்தது. இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டாள். லீலா எழுந்து போய்விடுவார். லீலா போனால் சுலக்ஷன் போவான். நடிக்கும் மற்ற மூவரும் சும்மா இருக்க மாட்டார்கள். சனிக்கிழமை பள்ளிகள் வந்து நிற்கும்போது முதல் நிலையில்கூட ஆள் இருக்காது. அதன் பிறகு நடை என்று எந்தப் பள்ளிக்குள்ளும் கால் வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை அம்பலவாணரிடம் பேசிக் காட்சியை மீட்டுவிட்டால் இந்தப் பேச்சே வேண்டியதில்லை. நடக்காததை எதற்குச் சொல்லி மனதைக் கெடுப்பது.

"ஆரம்பிக்கலாம்," என்றாள்.

கடைசிக் காட்சியில் லீலாவின் குரல் உயர்ந்தது. அண்ணன் வருகிற நினைப்பு. நிரஞ்சனா நிறுத்தினாள். கோபம் வேண்டாம் லீலாக்கா, கோபப்பட்டால் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தாளை மறந்துவிடுவார்கள் என்றாள். இரண்டாம் தடவை லீலா அழுதார். அதுவும் வேண்டாம். மீன்காரரிடம், இது எப்ப வந்தது என்று கேட்போமே, அப்படிக் கேளுங்கள். தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் தடவை லீலா தாளை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, தணிவாகக் கேட்டார். "இது எப்ப வந்துச்சு?"

சுலக்ஷன் தலையைத் தூக்கவில்லை. நடிப்புக்குத்தான் தூக்கவில்லை, ஆனாலும் வசனம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

"இதுதான்," என்றாள் நிரஞ்சனா. "சனிக்கிழமை இதேதான். எட்டரைக்கு தேக்கா பின்னால."

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தேக்கா உணவங்காடிக்குப் போனாள். அம்பலவாணர் முன்பே வந்து, மீன் தலைக் கறிக் கடைக்கு எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். பள்ளி முதல்வராக இருந்தவர். சட்டைப் பையில் இரண்டு பேனா. சீனி போடாத கோப்பி வாங்கி வைத்திருந்தார், அவளுக்கும் சேர்த்து. உட்காருங்கள் பிள்ளை என்றார். அவர் நல்லவர் என்பதுதான் அவளுக்குச் சிரமமாக இருந்தது.

காட்சியைப் பற்றி அவள் பேச்செடுத்ததும் அவர் கைப்பேசியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அவளுடைய பதிலைத் தேடிக் காட்டினார்.

"நீங்கள் ஓம் எண்டு எழுதிப்போட்டியள். நானும் குழுவுக்குச் சொல்லிப்போட்டன், பிரச்சினை ஒண்டும் இல்லை, அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்டிட்டுது எண்டு. அவையள் சந்தோசப்பட்டவை."

படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன் என்றாள். அவர் நம்பாதவர்போல் புன்னகை செய்தார்.

அவள் வாதாடினாள். கிராணி பேசும் தமிழை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன். இது கற்பனை கலந்தது என்று அட்டையில் அச்சடிக்கிறேன். கிராணிக்கு ஊரே வேண்டாம், பேரே வேண்டாம். அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு சம்மதமில்லை என்று அவளுக்கு இதற்குள் தெரியும்.

"என்ர அப்பப்பா கிராணியா இருந்தவர்," என்றார் கடைசியில். "செம்பவாங் பக்கம்தான். எத்தினையோ பேருக்குக் கடிதம் எழுதிக் குடுத்தவர், ஊருக்குக் காசு அனுப்பிக் குடுத்தவர். பிள்ளையள் உங்கட நாடகத்தைப் பாத்திட்டு என்னெண்டு நினைப்பினம்? எல்லாக் கிராணியும் கள்ளன் எண்டுதானே? அந்தம்மா சொன்னதுக்கு எழுத்தில ஏதும் இருக்கோ?"

"எழுத வேண்டியவரே கிராணிதான் சார். அவர் எழுதலைன்னா எழுத்துல எப்படி இருக்கும்?"

அம்பலவாணர் கோப்பியைக் கரண்டியால் கலக்கினார். கலக்க அதில் ஒன்றும் இல்லை.

"அதைத்தான் நானும் சொல்லுறன். இல்லாததைப் படிப்பிக்க ஏலாது."

பக்கத்து மேசையில் ஆறேழு பேர் பிரியாணிப் பொட்டலம் பிரித்து, கைப்பேசியில் ஊர்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பளபளக்கும் பாதுகாப்பு மேலங்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். மேசையைத் துடைக்க வந்த பெண்மணிக்காக அம்பலவாணர் தன் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் போனதும் கேட்டார்:

"உங்கட ஆக்களுக்குச் சொல்லியாச்சோ?"

"சொல்லிட்டேன்," என்றாள் நிரஞ்சனா.

"நல்லது. முதலே சொல்லிப்போடுறதுதான் மரியாதை."

அவர் விடைபெற்றுப் போன பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். கைப்பேசியில் லீலாவின் எண்ணை எடுத்தாள். லீலா முந்திக்கொண்டு காலையிலேயே படம் அனுப்பியிருந்தார்: துவைத்து இஸ்திரி போட்ட நூல் சேலை, கதவில் தொங்கவிட்டது. கீழே, அண்ணன் முடி வெட்டிக்கொண்டான் என்று ஒரு வரி. நிரஞ்சனா அதற்கு ஓர் இதயத்தை அனுப்பினாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு முடிவுக்கு வந்தாள். காட்சியை நடத்திவிடுவது. முத்திரை மேசை கேம்பல் லேனில். பின்சந்து அதற்கு முந்திய திருப்பத்தில். பிள்ளைகளை முதலில் சந்துக்குள் கொண்டுபோய்விட்டால் முடிந்தது. பிறகு கேட்டால் கேட்கட்டும். கேட்கும்போது ஒரு 'நோட்டட்' எழுதினால் போகிறது. லீலாவிடம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சொல்லாமல் இருந்தது தப்பு என்றாகாமலே எல்லாம் கழிந்துவிடும்.

அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை வெயில் ரக்ஷனா எழுதியபடியே இருந்தது. சந்தையின் பின்புறம் மீன் தண்ணீர் வாடையும் மல்லிகை வாடையும் கலந்து வந்தன. முதல் பள்ளியின் தமிழாசிரியை கதீஜா நாலு வருடமாகப் பிள்ளைகளை அழைத்து வருபவர். இந்த வருசமும் அந்த டிராயர் ஸீன் இருக்குதானே என்று கேட்டார். இருக்கிறது என்றாள் நிரஞ்சனா. எங்க பிள்ளைங்க போன வருசம் அதைப் பத்தித்தான் கட்டுரை எழுதினாங்க, மத்த எல்லாம் மறந்துபோச்சு என்றார் கதீஜா.

பிள்ளைகள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். ரேகை வைக்க வேண்டிய இடத்தில் மயில் விழுந்தது. முன்னோடித் தொழிலாளர் கப்பலேறினார்கள். கடல் முத்திரை. பஃபலோ சாலையில் காய்கறி வாங்க வந்தவர்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். சவுக்கில்லாத தோட்டத்தில் கங்காணி கையை வீசிக்கொண்டிருந்தான். இரண்டு பையன்கள் யாருக்கு முதலில் நாலு முத்திரை சேர்கிறது என்று பந்தயம் கட்டியிருந்தார்கள். நாலாம் நிலையில் சட்டத்தை வாசிக்கும்போது பாதிப் பேர் அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருத்தி கேட்டாள், "டீச்சர், லாஸ்ட் ஸ்டாம்ப்புக்குப் பையில என்ன இருக்கும்?"

செராங்கூன் சாலையைக் கடக்கப் பச்சை விளக்குக்காக நிற்கும்போது நிரஞ்சனா கதீஜாவிடம், நேரே போக வேண்டாம், இடது பக்கச் சந்து என்று சொன்னாள். கதீஜா கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்காலுக்குப் பேருந்து. ஐந்து நிமிஷம் போதும் என்றாள் நிரஞ்சனா.

விளக்கு மாறியது. தெருவின் அந்தப் பக்கம் ஏறியதும் மேசை தெரிந்துவிட்டது. ரக்ஷனாவின் ஆட்கள் அதை லேனின் வாயிலுக்கே நகர்த்தியிருந்தார்கள், நிழலுக்காக. சிவப்பு விரிப்பு. அதன்மேல் மஞ்சள் பைகள் அடுக்கடுக்காக. ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு தண்ணீர்ப் போத்தலின் மூடி எட்டிப் பார்த்தது. பந்தயம் கட்டிய பையன்கள் ஓடினார்கள். அவர்கள் ஓடியதும் மற்றவர்களும். நிரஞ்சனா கையை அகல விரித்துக்கொண்டு முன்னால் போய், பிள்ளைங்களா இந்தப் பக்கம், இன்னும் ஒரு காட்சி இருக்கு என்றாள். முன்னால் நின்ற பெண் மரியாதையாக அட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஐந்தாவது கட்டத்தில் வெற்றி என்று பச்சை மையில் விழுந்திருந்தது.

"முடிஞ்சிருச்சு ஆன்ட்டி."

கதீஜா அவளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளை எண்ணத் தொடங்கினார்.

பின்சந்துக்கு அவள் தனியாகத்தான் போனாள். அடுத்த பள்ளி வர அரை மணி நேரமாகும். அவர்களையாவது பிடித்துவிடலாம் என்று ஓர் எண்ணம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மேசையைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லலாம். வெயில் என்றால் குடை வைக்கலாம்.

சந்தில் குளிர்சாதனப் பெட்டிகளின் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் சக்கர நாற்காலியில் கோவிந்தராசு இருந்தார். புதிதாக முடி வெட்டிய தலை, கழுத்துப் பட்டி வைத்த வெள்ளைச் சட்டை, மடியில் தொப்பி. மகன் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். சுலக்ஷன் நின்றுகொண்டிருந்தான். பால் கூடையில் லீலா உட்கார்ந்திருந்தார். இழுப்பறை அவர் மடியில் இருந்தது.

அவர்களுக்கு எதிரே ரக்ஷனா, கையில் கைப்பேசி, அழுவதுபோன்ற முகம்.

"அக்கா, நான் ஆன்ட்டிக்குத் தண்ணி கொண்டு வந்தேன். எதுக்கு இங்க வெயிட் பண்றீங்கன்னு கேட்டேன், அவ்ளோதான். ஸாரிக்கா. உங்ககிட்ட சொல்லிட்டேன்லா. வெட்னஸ்டே மெயில். நீங்க நோட்டட்னு ரிப்ளைகூடப் பண்ணீங்களே."

ரக்ஷனா கைப்பேசியை நீட்டினாள். வாங்க ஆள் இல்லை. அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேசையில் ஆளில்லை என்று முணுமுணுத்தபடி போய்விட்டாள்.

"நிரா," என்றான் சுலக்ஷன்.

நிரஞ்சனா பேசினாள். வெள்ளிக்கிழமை போய் அவரிடம் மன்றாடியதைச் சொன்னாள். எப்படியும் நடத்திவிடலாம் என்றிருந்ததைச் சொன்னாள். மேசையை அவர்கள் நகர்த்தாமல் இருந்திருந்தால் நடந்திருக்கும் என்றாள். அடுத்த பள்ளி இருக்கிறது என்றாள். ஒவ்வொன்றும் உண்மைதான். சொல்லச் சொல்ல அது நீண்டுகொண்டே போனது. கோவிந்தராசு மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அத்தை உளறுச்சுன்னு நான் சொன்னேன்," என்றார் மகனிடம், மெதுவாக. "போலாம்யா. வெயில் ஏறுது."

நாற்காலி திரும்பியது. சக்கரம் ஈரத்தில் கோடு போட்டுக்கொண்டு சந்தின் முனை வரை போனது. லீலா அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்த இழுப்பறையை இழுத்தார். இழுக்க மேசை இல்லாததால் அது முழுதாக அவர் கையோடு வந்தது. உள்ளேயிருந்த தாளை எடுத்தார். மடிக்கவில்லை. இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை.

"அன்னிக்கு மாடியில என்னை மூணு தடவை திருப்பித் திருப்பிக் கேக்கச் சொன்னியேம்மா. அப்பவே தெரியுமா உனக்கு?"